கொழுந்து நிறுவைக்குப் பிறகு திறக்கும் கிளினிக்: ஹட்டனிலிருந்து பதுளை வரை

திங்கள், ஹட்டன்

மண்சரிவில் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) போய் முகாமில் இருப்பவர்களுக்கு ஒரு சமூக மருத்துவ நிலையத்தை எப்படித் தொடங்குவது, தொடங்கியதை எப்படி ஓட்டுவது, எந்த இடத்தில் சறுக்கும் என்பதை இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஆரம்பித்து, ரயில் பாதையோடு பதுளை வரை போய் அன்றாடம் எழுதுகிறோம். தோட்டங்களின் பெயரைப் போடப்போவதில்லை. யாருக்குக் காசநோய், யாருக்கு நீரிழிவு என்பது தோட்டத்தின் பெயரைச் சொன்னாலே பக்கத்துத் தோட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

ஹட்டனில் முதல் வேலை கடிதம் வாங்குவது. மருந்து பிறகு. கடிதத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பிரதேச செயலகம். முகாமில் உள்ள குடும்பங்களின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தரிடம் வாங்க வேண்டும், அது இல்லாமல் எத்தனை கர்ப்பிணி, எத்தனை கைக்குழந்தை என்று தெரியாது. அடுத்தது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதாவது எம்.ஓ.எச். ஒபீஸ். மூன்றாவது தோட்ட நிர்வாகம். 1992 முதல் தோட்டங்களைக் கம்பனிகள்தான் நடத்துகின்றன. கட்டிடம், தண்ணீர்க் குழாய், லொறி வரும் பாதை எல்லாம் தொரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், கையெழுத்தில் இருக்கிறது. உதவி தருகிறவர்கள் நான்காவது. இந்த வரிசை தலைகீழாகி, பணமும் பேனரும் முதலில் வந்து எம்.ஓ.எச். கடைசியாகக் கேள்விப்பட்டால், அந்தப் பகுதி மிட்வைஃப் (குடும்பநல மருத்துவிச்சி) மிஸ்ஸும் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிளினிக்கைப் போட்டிக் கடையாகத்தான் பார்ப்பார்கள். அவர்கள் இல்லாமல் தடுப்பூசி இல்லை, திரிபோஷ சத்துமா இல்லை, தண்ணீர்ப் பரிசோதனை இல்லை. எம்.ஓ.எச். பணிமனையின் நடமாடும் கிளினிக் என்ற பெயரிலேயே ஓட்டுவது எல்லாவற்றுக்கும் நல்லது. பேனரில் உங்கள் பெயர் சிறிதாகத்தான் வரும், பரவாயில்லை.

இலங்கை மருத்துவ சபையில் பதிவில்லாதவர் மருந்தெழுத முடியாது. வெளிநாட்டிலிருந்து உதவிக்கு வரும் டொக்டர்களுக்குத் தற்காலிகப் பதிவு வேண்டும். அதை அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். பதிவில்லாமல் வந்து நிற்பவரை உட்கார வைத்துப் பிளேன்டீ கொடுங்கள், பேனையைக் கொடுக்காதீர்கள்.

நன்கொடை மருந்து இன்னொரு தலைவலி. வெளிநாட்டு மருந்து நன்கொடையாக வந்தாலும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். வந்து சேரும் நாளில் குறைந்தது ஒரு வருட ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நடைமுறையில் வருவது வேறு: பாதி பிரித்த அட்டைகள், யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் லேபிள், இன்னும் ஆறு கிழமையில் காலாவதியாகும் இருமல் பாணி. வாங்கி வைத்தால் அதை வகைபிரிக்க ஒரு ஆள், பிறகு அழிக்க ஒரு அனுமதி. வாசலிலேயே வேண்டாம் என்று சொல்வதுதான் மலிவு.

எவ்வளவு மருந்து வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. இடம்பெயர்ந்தவர்கள் ஆளுக்கு வருடத்தில் 2 முதல் 4 தடவை வைத்தியரிடம் வருவார்கள் என்பது முகாம் சுகாதாரத்தில் பொதுவாக எடுக்கும் அளவு. 500 பேர் உள்ள முகாம் என்றால் கிழமைக்கு ஏறக்குறைய 20 முதல் 40 பேர். முதல் மாதத்தில் இது கூடும். 40 பேரில் பாதிப் பேருக்குப் பரசிட்டமோல் போகிறது என்று வையுங்கள். ஒருவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு வீதம் நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள்: 18 குளிசை. இருபது பேருக்கு 360. ஆயிரம் குளிசை உள்ள ஒரு டின் மூன்று கிழமை தாண்டாது. ஒவ்வொரு மருந்துக்கும் இப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு, முழுப் பட்டியலையும் எம்.ஓ.எச். ஊடாகவே கேளுங்கள். பத்தாயிரம் பேருக்கு மூன்று மாதத்துக்கு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த அவசர மருந்துப் பொதியில் ஆயிரம் பேருக்கான சிறு பெட்டிகள் தனித்தனியாக உண்டு. மலையக முகாம்களின் அளவுக்கு அந்தச் சிறு பெட்டியின் பட்டியலே வழிகாட்டியாகப் போதும்.

செவ்வாய், தலவாக்கலைக்கு மேலே

ரயிலில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி வந்து இறங்கி, ஓட்டோவில் மேலே ஏறினால் முகாம். தோட்டப் பாடசாலையில் சனம், அதற்குக் கீழே பிரட்டுக்களத்துக் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) கொட்டகையில் கிளினிக்.

மலைநாட்டில் கிளினிக் கெட்டுப்போவது பெரும்பாலும் நேரத்தால்தான். காலை 9 மணிக்குத் திறந்து பகல் 1 மணிக்கு மூடினால் வருபவர்கள் கிழவர்களும் பிள்ளைகளும் மட்டும். முகாமில் இருந்தாலும் தோட்டத்தில் வேலை நிற்பதில்லை. மலை சரியாத பக்கத்தில் கொழுந்து முற்றிக்கொண்டு நிற்கும், பெண்கள் காலையில் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். வரச் சொன்னால் "இப்ப வந்தா அரைப்பேர்தானுங்க மிஸ்" என்பதுதான் பதில். வீடும் சாமானும் போன குடும்பத்துக்கு அந்த அரைப்பேர் (அரைநாள் கூலி) பெரிய காசு. விளைவு என்னவென்றால், இரத்தச்சோகை உள்ள ஏழு மாதக் கர்ப்பிணி கிளினிக்கின் கண்ணிலேயே படமாட்டாள். அவளுடைய மாமியார் முழங்கால் வலிக்கு மூன்று முறை மருந்து வாங்கியிருப்பார்.

இங்கே பின்னேர நிறுவை முடிந்து கொழுந்து லொறி ஏறிய பிறகு, 4.30க்குத் திறக்கிறார்கள். 7.30 வரை. ஞாயிறு காலையும் உண்டு. சம்பள நாளில் திறப்பதில்லை. அன்று எல்லோரும் டவுனில் இருப்பார்கள். பின்னேரக் கிளினிக்குக்கு இரண்டு செலவு கூடும். ஒன்று வெளிச்சம்: சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு நான்கு, அதில் ஒன்று காயம் கட்டும் மேசைக்கு மட்டும். இன்னொன்று பாதுகாப்பு: இருட்டில் பெண்கள் தனியாகத் திரும்பாமல், தங்குமிடம் வாரியாகச் சேர்ந்து போக டோர்ச்சுடன் இரண்டு தொண்டர்கள். இதை ஏற்பாடு செய்யாத இடத்தில் இரண்டாம் கிழமையே கூட்டம் குறைந்துவிடும், காரணத்தையும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இடத்தைப் பற்றி. பாடசாலை வகுப்பறையை எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்ததும் எழுப்பிவிடுவார்கள், எழுப்புவதுதான் நியாயமும். பிள்ளை மடுவத்தில் (தோட்டப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) பகல் முழுக்கப் பிள்ளைகள். கோயில் மண்டபம் பெரிதாக, சுத்தமாக, வெளிச்சமாக இருக்கும். ஆனால் மாதவிலக்கான பெண்ணும் பிள்ளை பெற்று நாள் கழியாத தாயும் தீட்டு என்று உள்ளே வர மாட்டார்கள். கிளினிக் யாருக்காகவோ அவர்களே வெளியே நிற்பார்கள். ஆகவே பிரட்டுக்களம், பழைய கூட்டுறவுக் கடை, வாசிகசாலை என்று தேடிப் போவது மேல். எதுவானாலும் மேலே உள்ள சரிவைப் பார்க்க வேண்டும்: தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, ஓடிக்கொண்டிருந்து சட்டென நின்ற ஊற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டிடம் வேண்டாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை விழிப்பு நிலை, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற்றம். கிளினிக்கில் ஒரு மழைமானி வைத்து, காலை எட்டு மணிக்கு ஒரே ஆள் அளந்து பலகையில் எழுதுவது இங்கே வழக்கம். மழைமானி ஓட்டுக் கூரையின் இறவாரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஒரு முகாமில் அப்படித்தான் இருந்தது.

உள்ளே ஒருவழிப் போக்கு. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். வாங்கு நான்கு, மேசை மூன்று. முதல் மேசையில் பதிவும் காய்ச்சல் பார்ப்பதும். மூச்சு வாங்கும் பிள்ளையும் கர்ப்பிணியும் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே. நடுவில் சேலை கட்டி மறைத்த பரிசோதனை இடம். சேலை ஒன்று போதாது, இரட்டையாக மடித்துக் கட்ட வேண்டும். பின்னால் விளக்கு எரிந்தால் ஒற்றைச் சேலையில் உள்ளே இருப்பவரின் நிழல் அப்படியே தெரியும். கடைசி மேசை மருந்து. கை கழுவக் குழாய் வைத்த 20 லீட்டர் வாளி இரண்டு, ஒன்று வாசலில், மற்றது காயம் கட்டும் இடத்தில். வெளிநோயாளி ஒருவருக்கு 5 லீட்டர் தண்ணீர் என்பது கணக்கு. 40 பேர் வரும் பின்னேரத்துக்கு 200 லீட்டர், தரை கழுவுவது தனி. ஊசிப் பெட்டி முக்கால் நிரம்பியதும் மூடி டேப் ஒட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். குத்திய ஊசிக்கு மூடி போடப் பார்ப்பதால்தான் கையில் குத்துகிறது.

இங்குள்ள பதிவுக் கொப்பியைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். நீள வாக்கில் கோடு போட்ட பெரிய சி.ஆர். கொப்பி. திகதி, இலக்கம், பெயர், வயது, ஆண் பெண் என்று வழக்கமான பத்திகளுக்குப் பிறகு மூன்று பத்தி: "முன்பிருந்த லயம், காம்பரா (அறை)", "இப்போது தூங்கும் இடம்", "முன்பு போன கிளினிக்". முதல் பத்தி ஏனென்றால், ஒரே பெயரில் ஒரு தோட்டத்தில் நாலு பேர் இருப்பார்கள். இரண்டாவது, வயிற்றோட்டம் எந்த வகுப்பறையில் கூடுகிறது என்று பார்க்க. மூன்றாவது பத்திதான் இந்தக் கிளினிக்கின் உயிர். "டிக்கோயா, பிரஷர், புதன்" என்று எழுதியிருந்தால் அவருடைய பழைய கிளினிக் நாள் எது, எந்த மருந்து என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் மீட்டுவிடலாம். முகாம் கிளினிக் புதிதாக ஒரு பிரஷர் கிளினிக்கைத் தொடங்கினால், ஆறு மாதத்தில் நீங்கள் மூட்டை கட்டும்போது அந்த மனிதர் இரண்டு இடத்திலும் பெயரில்லாமல் நிற்பார்.

புதன், பட்டிப்பொல

ரயில் நாள். நானுஓயா தாண்டி அம்பேவல, பட்டிப்பொல. பாதையின் ஆக உயரமான நிலையம். அதைக் கடந்து சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் வானிலை மாறியிருக்கும் என்று கோச்சியில் போகிற எல்லோருக்கும் தெரியும். கிளினிக் நடத்துகிறவர்களுக்கு அதில் ஒரு வேலை இருக்கிறது. மேற்குப் பக்கமான ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைக்குத் தென்மேற்குப் பருவமழை. மே மாதத்துக்கு முன்பு மருந்து ஏற்றிவிட வேண்டும். ஊவாப் பக்கமான ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, பதுளைக்கு ஒக்டோபருக்கு முன்பு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே லொறி, ஒரே மாதம் என்று கொழும்பில் திட்டம் போட்டால் ஒரு பக்கத்துக்கு மருந்து எப்போதும் பாதை மூடிய பிறகுதான் போய்ச் சேரும்.

வியாழன், ஹப்புத்தளை

இன்று முழுக்கத் தண்ணீர். மருந்துப் பெட்டியைவிடக் குளோரின் வாளியைப் பார்த்துத்தான் ஒரு முகாம் கிளினிக்கை எடை போட வேண்டும் என்பது எங்கள் கட்சி.

தோட்டங்களில் தண்ணீர் ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் பீலிக்கு (பொதுத் தண்ணீர் பிடிக்கும் இடம்) வருகிறது. சரிவுக்குப் பிறகு அது செம்மண் கரைசலாக வரும். அதில் நேரே குளோரின் போட்டால் மண்ணும் இலைச் சாறும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் பெரிய பரலில் ஓர் இரவு தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, நாலாக மடித்த பருத்திச் சேலையில் வடிக்க வேண்டும்.

குளோரின் கரைசலை ஒரு சதவீதமாகத் தயாரித்து வைப்பது வசதி. 70 சதவீதத் துகள் என்றால் லீட்டருக்கு 15 கிராம். 30 சதவீதமுள்ள டி.சி.எல். (வெளிற்றும் தூள்) என்றால் 33 கிராம். பிளாஸ்டிக் வாளியில், மரக் கரண்டியால், காற்றோட்டமான இடத்தில். இந்த மலையில் தூள் பழுதாவதற்குக் காரணம் மூடுபனி. திறந்த பொதியைக் கட்டி வைக்காவிட்டால் ஈரம் ஏறிக் கட்டியாகி வீரியம் இறங்கிவிடும், பொதியில் 30 என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் போடுகிறவர் உண்மையில் அதில் பாதியைத்தான் போடுவார். கரைசலையும் வெயில் படாத போத்தலில் வைத்து ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

எவ்வளவு ஊற்றுவது? தண்ணீருக்குத் தண்ணீர் மாறும், ஆகவே வாளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான்கு வாளியில் 20 லீட்டர் வீதம் தண்ணீர் பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒரு சதவீதக் கரைசலை 1, 1.5, 2, 2.5 மில்லிலீட்டர் என்று விட்டுக் கலக்கி மூடி வையுங்கள். நேரம் போனதும் சோதனைக் குளிசையைப் போட்டு நிறத்தைப் பாருங்கள். லீட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் மீதக் குளோரின் காட்டும் வாளியே உங்கள் அளவு. அது 2 மில்லிலீட்டர் வாளியானால் ஆயிரம் லீட்டர் தொட்டிக்கு 100 மில்லிலீட்டர். குழாயடியில் 0.2க்கும் 0.5க்கும் இடையில் இருந்தால் போதும். இளஞ்சிவப்பு லேசாகத் தெரிந்தாலே நல்லது, பீட்ரூட் மாதிரி இருந்தால் சனம் வாசனைக்குப் பயந்து பழைய ஊற்றுக்கே போய்விடும்.

நேரம் எவ்வளவு என்பதில்தான் கொழும்பிலிருந்து வரும் துண்டுப்பிரசுரம் பிழைக்கிறது. அரை மணி நேரம் என்று அதில் இருக்கும். அது தண்ணீர் 18 பாகை செல்சியஸுக்கு மேலே இருந்தால். ஹப்புத்தளையிலும் நுவரெலியாவிலும் விடியற்காலைத் தண்ணீர் அதைவிடக் குளிர். ஒரு மணி நேரமாவது விட வேண்டும். ஆகவே தொட்டிக்குக் குளோரின் போடும் ஆள் காலை ஐந்து மணிக்கே எழும்ப வேண்டும், ஆறு மணிக்கெல்லாம் பிரட்டுக்குப் போகிறவர்கள் போத்தல் நிரப்ப வந்துவிடுவார்கள். அந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஒரே ஆளை வையுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற முகாமில் யாரும் போடுவதில்லை, அல்லது இரண்டு பேர் போடுவார்கள்.

ஆளுக்கு நாளைக்கு 15 லீட்டர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது என்பது சர்வதேச அளவு. தோட்டப் பாடசாலைக் கழிவறைகள் பிள்ளைகளுக்குக் கட்டியவை. பலகைக் குழி உடனே வெட்டத் தொடங்காவிட்டால் தேயிலை மலையே கழிவறையாகும், அதற்குக் கீழேதான் அடுத்த பிரிவின் ஊற்று இருக்கும்.

வெள்ளி, ஹல்துமுல்லை

பின்னேர வரிசையில் வந்த வியாதிகளைப் பார்த்து எழுதுவது இது.

வயிற்றோட்டம். ஜீவனிப் (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றத் தூள்) பொதி ஒன்றை ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பழுதாவது லீட்டரில்தான். முகாமில் ஆளுக்கொரு பாத்திரம். அரை லீட்டர் கோப்பையில் முழுப் பொதியைக் கரைத்தால் உப்புக் கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். ஆகவே பொதியோடு ஒரு லீட்டர் சோடாப் போத்தலையும் கையில் கொடுத்து, கிளினிக்கிலேயே தாயைக் கரைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். நீரிழப்புத் தெரியும் பிள்ளைக்குக் கிலோவுக்கு 75 மில்லிலீட்டர், நான்கு மணி நேரத்தில். 10 கிலோ பிள்ளைக்கு 750. தேக்கரண்டியால் நிமிடத்துக்கொன்று. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி மெதுவாகத் தொடர வேண்டும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு நாகக் குளிசை (ஸிங்க்) 20 மில்லிகிராம் 10 முதல் 14 நாள். வயிற்றோட்டம் நின்ற மூன்றாம் நாளே தாய்மார் நிறுத்திவிடுவார்கள், மிச்சக் குளிசையை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

சொறி சிரங்கு. ஒரு வகுப்பறையில் நாற்பது பேர் படுத்தால் வராமல் இருக்காது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு கழுத்திலிருந்து கால்விரல் இடுக்கு வரை, இரவில் பூசி எட்டு மணி நேரத்துக்குப் பிறகு கழுவ வேண்டும், ஒரு கிழமை கழித்து மறுபடியும். சொறிகிறவருக்கு மட்டும் கொடுத்தால் வீண். அந்த அறை முழுக்க ஒரே இரவில். கம்பளியைத் துவைத்தால் மழையில் காயாது. நன்றாகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் மூன்று நாளுக்குக் குறையாமல் போட்டு வைத்தாலும் போதும், மாற்றுக் கம்பளிக்குத்தான் வழி தேட வேண்டும்.

மண் அள்ளப் போனவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம். டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் கிழமைக்கு ஒருமுறை, எம்.ஓ.எச். சொன்னால் மட்டும். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் இல்லை. சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீருடன். விழுங்கியதும் படுக்கக் கூடாது, நெஞ்சுக்குழாய் புண்ணாகும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் உள்ள காய்ச்சல் என்றால் கிளினிக்கில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு. டெங்கு சந்தேகம் என்றால் பரசிட்டமோல் தவிர வேறு வலிக் குளிசை கிடையாது. டவுன் கடையில் கிடைக்கும் வலிக் குளிசைகளை வாங்கிப் போட்டுவிட்டு வருபவர்கள் அதிகம், கேட்டால்தான் சொல்வார்கள். வயிற்றுளைவு (இரத்தம் போகும் வயிற்றோட்டம்), எலிக்காய்ச்சல், டெங்கு எதுவானாலும் வைத்தியர் சந்தேகப்பட்ட அன்றே எச் 544 என்ற நோய் அறிவித்தல் படிவம் எம்.ஓ.எச்.க்குப் போக வேண்டும். உறுதியாகும் வரை காத்திருப்பதில்லை.

காயம். சரிவில் பட்ட காயத்துக்குள் மண் இருக்கும். நிறைய ஓடும் சுத்தத் தண்ணீரால் கழுவி, தையல் போடாமல் திறந்து கட்டி, சுத்தமாக இருந்தால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஆஸ்பத்திரியில் தைப்பது. அவசரப்பட்டுத் தைத்த காயந்தான் நாலாம் நாள் சீழ் பிடித்து வரும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றிக் கேட்க மறக்கக் கூடாது.

பிறகு, பழைய கிளினிக் கொப்பியை மண்சரிவில் இழந்தவர்கள். நீரிழிவுக்காரர் "வெள்ளைக் குளிசை, காலையில ஒன்னு" என்பார். மருந்தில் பாதி வெள்ளைதான். ஆஸ்பத்திரியோடு பேசி உறுதி செய்யும் வரை இரண்டு கிழமைக்குத்தான் கொடுக்க வேண்டும், மாதத்துக்கல்ல. திறந்த இன்சுலின் போத்தலை அறை வெப்பத்தில் 28 நாள் வைக்கலாம். இந்த உயரத்தில் ஈரமணலில் வைத்த மண் சட்டி போதும். திறந்த திகதியைப் போத்தலில் எழுத வேண்டும். தடுப்பூசியைக் கிளினிக்கில் வைக்கவே வேண்டாம். 2 முதல் 8 பாகை காக்க வேண்டிய சாமான், மிட்வைஃப் மிஸ் ஐஸ் பொதிப் பெட்டியில் கொண்டு வந்து, மிச்சத்தை அன்றே கொண்டு போவார். உங்கள் வேலை பட்டியல்: 2, 4, 6 மாதப் பிள்ளைகள் யார், 9 மாதத்து எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி) யாருக்கு, 12 மாதத்து மூளைக்காய்ச்சல் ஊசி யாருக்கு.

குளிசைக் கடதாசிப் பையில் சூரியனும் பிறையும் வரைந்து, அவற்றுக்குக் கீழே எத்தனை என்று வட்டம் போடுவார்கள். ஹல்துமுல்லையில் நடுவே ஒரு கொழுந்துக் கூடையையும் வரைந்திருக்கிறார்கள், மத்தியான நிறுவைக்கு. எங்களுக்கு மிகவும் பிடித்தது இது: பன்னிரண்டு மணி என்பதைவிட அது சரியாக வேலை செய்கிறது.

சனி, கொஸ்லந்தை

மீரியபெத்தை இந்தப் பக்கந்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. முன்பே எச்சரிக்கை விடப்பட்ட இடம். தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில், பிறகு கைவிட்ட தேயிலைத் தொழிற்சாலையில். நிரந்தர வீடு வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. இரண்டு கிழமைக்கு என்று திட்டமிடும் கிளினிக் இதை மனதில் வைக்க வேண்டும். முதல் மாதம் காயமும் வயிற்றோட்டமும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தூக்கமின்மை, குடி, அடி. மறைவாகப் பேச ஒரு மூலை, அங்கே உட்கார ஒரு பெண் தொண்டர், சுவரில் 1926 என்ற மனநல உதவி இலக்கமும் 1938 என்ற மகளிர் உதவி இலக்கமும். அடிபட்டு வரும் பெண்ணை ஆஸ்பத்திரியிலுள்ள, வன்முறைக்கு ஆளானவர்களுக்கான நட்பு நிலையத்துக்கு அனுப்பலாம். ஆனால் கடிதத்தில் அப்படி எழுதிக் கணவன் கண்ணில் படக் கொடுக்கக் கூடாது, "இரத்தச் சோதனைக்கு" என்று எழுதிவிட்டு வைத்தியரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். தோட்ட மருந்துக் களஞ்சியத்தின் பூட்டையும் யாராவது பார்க்க வேண்டும், புல்லுக்கு அடிக்கும் மருந்து மனமுடைந்தவர் கைக்கு எட்டிவிடக் கூடாது.

இரவு அவசரம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆனால் ஏறி வர முடியாத பிரிவுகள் உண்டு. சந்திக்கும் இடத்தை முன்பே முடிவு செய்து வண்டிக்காரருக்கு விளங்கும் அடையாளம் சொல்ல வேண்டும்: "மேற்பிரிவு ஐந்தாம் லயம்" என்றால் யாருக்கும் தெரியாது, "ஸ்டோருக்குக் கீழே மாரியம்மன் கோயில் வளைவு" என்றால் தெரியும். அதுவரை கம்பளியும் இரண்டு கம்பும். ஒரு கம்புக்கு இரண்டு பேர், மாற்றுக்கு நாலு பேர், டோர்ச்சுக்கு ஒருவர்: ஒன்பது பெயர் சுவரில் எழுதியிருக்க வேண்டும். சிக்னல் கிடைக்கும் பாறை எது என்பதும் அதே காகிதத்தில். மழையில் மூடும் பாதைக்கு மேலே உள்ள கர்ப்பிணிகள் கடைசி இரண்டு கிழமையை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் கழிக்க இப்போதே பேசி வையுங்கள்.

குளவிக் கொட்டு மலையில் அன்றாடம். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, மயங்கி வந்தால் அட்ரினலின் ஆயிரத்துக்கு ஒன்று, பெரியவருக்கு அரை மில்லிலீட்டர், தொடையின் வெளிப்பக்கச் சதையில். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொன்று, பிறகு கட்டாயம் ஆஸ்பத்திரி. தைரியம் வராமல் அலர்ஜிக் குளிசையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆளைக் கொல்லும். பாம்பு என்றால் தேயிலைச் செடியடியில் கிடக்கும் குனகட்டுவாவை (கூன்மூக்கு விரியன்) நினைக்க வேண்டும். நாட்டில் உள்ள இந்தியப் பாம்புவிஷ எதிர்மருந்து அதற்கு வேலை செய்யாது, அதன் கடி சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கட்டுப் போடாமல், வெட்டாமல், காலை அசைக்காமல் தூக்கிப் போவதே வேலை. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரப் போய் இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம், படம் எடுத்தால் போதும்.

அனுப்பும் கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், வார்டில் தமிழ் தெரிந்தவர் அந்த இரவில் இருப்பார் என்று நம்பிவிட முடியாது. கூடப் போகிறவரின் தொலைபேசி இலக்கமும் அதில்.

ஞாயிறு, பதுளை

மூடுவது எப்படி என்பதைத் தொடங்கும்போதே எழுதி வைப்பது நல்லது. வீடு கிடைத்துக் குடும்பங்கள் போகத் தொடங்கியதும் முகாமில் பாதிப் பேர் இருக்கும்போதே கிளினிக்கை வாரத்துக்கு இரண்டு பின்னேரமாகக் குறைத்து, புதிய வீட்டுத்திட்டம் எந்த மிட்வைஃப் பகுதிக்குள் வருகிறது என்று பாருங்கள். எல்லை மாறினால் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் கர்ப்பிணிப் பதிவேடும் இரண்டு பணிமனைக்கும் நடுவில் விழும். பெயர்ப் பட்டியலை இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பமிட வேண்டும்.

மிச்ச மருந்தைப் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, எண்ணிக்கை என்று எழுதி, கிட்டிய பிரதேச வைத்தியசாலை மருந்தாளரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்தை அவர் கேட்காமல் தள்ளிவிடாதீர்கள். பதிவுக் கொப்பி எம்.ஓ.எச். பணிமனைக்கு, தோட்ட ஒபீஸுக்கு அல்ல. அதில் யாருக்கு என்ன நோய் என்று இருக்கிறது, தொரைக்கு அது தேவையில்லை. நிரம்பாத ஊசிப் பெட்டியும் மூடி ஆஸ்பத்திரிக்கு. கழிவறைக் குழியை மண்ணால் மூடி மேலே கல் வைத்து அடையாளம் இட வேண்டும். குளோரின் தூள் மிச்சமிருந்தால் பி.எச்.ஐ.யிடம். கட்டிடத்தின் சாவி தோட்ட நிர்வாகத்திடம், கையெழுத்தோடு. குளோரின் போட்ட ஆளுக்கும் டோர்ச் பிடித்த தொண்டர்களுக்கும் கடைசி மாதக் கூலியைச் சாவி கொடுப்பதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.